ரேடியோ தும்மியது

"பெட்டிக்குள்ள ஆள் இருக்குங்கய்யா. இல்லாமப் பேச்சு எங்கிட்டிருந்து வரும்?"

இன்னாசி இப்படிக் கேட்டதும் பாயில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. ஜில்லா ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பெரியவரே, இந்த ரேடியோ இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?"

"போன ஈஸ்டருக்கு வந்துச்சு."

"இத்தனை நாள் கேட்டும் இதுதான் தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

"சும்மா குடுக்கிற சாமான எப்படிய்யா நம்புறது? படிக்கச் சும்மா, கேக்கச் சும்மா, உக்காரப் பாயும் சும்மா. சர்க்கார் என்னைக்கு எங்களுக்குச் சும்மா குடுத்திருக்கு?"

கடற்கரையை ஒட்டிய அந்தக் கிளை நூலகத்துக்குப் பகலில் பேப்பர் படிக்க நாலு பேர் வந்தாலே பெரிது. சாயங்காலம் நூலகர் பூமிநாதன் ரேடியோவைத் திருகினால்தான் வலைக்காரர்கள் வந்து உட்காருவார்கள். காற்று மழைச் செய்தி கேட்காமல் வள்ளத்தைக் கடலில் தள்ளியவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அந்த ரேடியோவுக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது.

"பாருங்க பூமிநாதன். ரேடியோவை நீங்க பாழாக்கி வச்சிருக்கீங்கன்னு எனக்குச் சேதி வந்திருக்கு" என்றார் அதிகாரி. "இன்னைக்கு அது ஒழுங்காப் பேசலேன்னா, வந்த மாட்டுவண்டியிலேயே ஏத்திப் பக்கத்து ஊரு அக்காள்மடத்துல குடுத்துட்டுப் போயிருவேன். அங்க ரேடியோ வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"பேசும் சார்" என்றார் பூமிநாதன்.

நெஞ்சுயர மர அலமாரியின் மேல் ரேடியோ இருந்தது. அலமாரியில் இருக்க வேண்டிய புத்தகங்கள் தரையில் அடுக்கிக் கிடந்தன.

"புத்தகமெல்லாம் ஏன் கீழ கிடக்கு?"

"பூச்சி அரிச்சது சார். வெயில் காட்டுனோம்."

பூமிநாதன் குமிழைத் திருகினார். ஒன்றும் கேட்கவில்லை. பாயில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அலமாரியை ஒரு தட்டுத் தட்டினார். பெண் குரல் ஒன்று கணீரென்று வந்தது.

"வணக்கம். திருச்சி நிலையம். கடலோர மக்களுக்குக் காற்று மழைச் செய்தி. இன்று மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும். வள்ளங்கள் தூரம் போக வேண்டாம்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"கச்சான்னு உங்க பேச்சிலேயே சொல்றாங்க, பாத்தீங்களா? என்ன தெளிவு. எங்க ஆபீஸ் ரேடியோவுல பாதி இரைச்சல்தான் வரும்."

"இங்கன கடல் காத்துல்ல சார்" என்றார் பூமிநாதன்.

இன்னாசி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "பொம்பள போலருக்கு. இம்புட்டு வாயாடியக் கட்டுனவன் ஒரு நாளாச்சும் நிம்மதியாக் கஞ்சி குடிச்சிருப்பானா?"

குரல் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாக வந்தது.

"வெற்றிலை போட்டுக் கண்ட இடத்தில் துப்பும் கிழவர்களால் நோய் பரவுகிறது. அவர்களுக்கு வீட்டில் யாரும் சோறு போட வேண்டாம்."

இன்னாசி வெற்றிலையை விழுங்கினார்.

"உங்களுக்குன்னே சொன்ன மாதிரி இல்ல?" என்று அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து ரேடியோ தும்மியது.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அவர் ரேடியோவைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், தரையில் கிடந்த புத்தகங்களைப் பார்த்தார். எழுந்து போய் அலமாரிக் கதவின் பிடியில் கை வைத்தார்.

"நான் மொதல்லயே சொன்னேன்ல" என்று இன்னாசி துள்ளி எழுந்தார். "ஆள் இருக்கு. பெட்டிக்குள்ள இல்லேன்னா அந்த அலமாரிக்குள்ள குந்தியிருக்கும். தெறங்கய்யா. நீங்களே தெறந்து காட்டுங்க. ஊரே பாக்கட்டும்."

"பெரியவரே, சும்மா இருங்க" என்று பூமிநாதன் கெஞ்சினார்.

"நீரு சும்மா இரும்வே. அய்யாவுக்கே சந்தேகம் வந்துருச்சு. தெறங்கய்யா."

அதிகாரியின் கை பிடியிலிருந்து இறங்கியது.

"திறக்க மாட்டேன்" என்றார். "நான் திறந்தா, படிச்ச அதிகாரியே ஆள் இருக்கான்னு தேடிப் பாத்தாருன்னு நாளைக்கு ஊரெல்லாம் சொல்லுவீங்க. திருச்சியில உக்காந்து பேசுற அம்மாவுக்கு ஜலதோஷம் வராதா? அங்க தும்முனா அலையில ஏறி இங்க வந்து கேக்கும். அதுக்குப் பேர்தான் விஞ்ஞானம்."

"திருச்சில தும்முனா இங்கன கேக்குமா?"

"கேக்கும்."

"என்னமோய்யா. நீங்க சொன்னாச் சரி" என்று இன்னாசி மனசில்லாமல் உட்கார்ந்தார்.

அதிகாரி குடையை எடுத்துக்கொண்டார். "பூமிநாதன், ரேடியோ இங்கயே இருக்கட்டும். இவரை மாதிரி ஆளுங்க இருக்கிற ஊருக்குத்தான் இது அவசியம். அடுத்த வாரம் எங்க பெரிய அதிகாரியைக் கூட்டிட்டு வர்றேன். இந்தத் தெளிவை அவரும் கேக்கணும்."

மாட்டின் மணிச்சத்தம் தேயும்வரை பாயில் ஒருவரும் அசையவில்லை.

பிறகு இன்னாசி போய் அலமாரிக் கதவைத் திறந்தார். தலையெல்லாம் புத்தகத் தூசியோடு அவர் பெண்சாதி செபஸ்தியம்மாள் தவழ்ந்து வெளியே வந்தாள்.

"மாசம் முழுக்கச் சிலோன் பாட்டு கேட்டு பாட்டரியத் தீத்தது நீங்க, உள்ள கிடந்து வெந்தது நானு" என்று கூட்டத்தை ஒரு முறை முறைத்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள். "அடுத்த வாரம் நீரு உள்ள போய் இரும். வெளிய உக்காந்து ரேடியோவ நம்பாத மாதிரி நடிக்கிறத நான் பாத்துக்கிறேன்."