நல்ல தண்ணீர்

முத்துப்பேட்டைப் பக்கத்து நிலத்தை வாங்க வந்தவர்கள் எல்லாரும் போர்த் தண்ணீரை வாயில் வைத்ததுமே துப்பிவிட்டுப் போனார்கள். அவ்வளவு உப்பு. நட்ட பயிரும் கருகிவிட, விற்பதைத் தவிர வைரக்கண்ணுவுக்கு வேறு வழியில்லை. இந்தத் தடவை மனைவி தையல்நாயகி அடுத்த ஊரிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து வந்து தொட்டியை ரொப்பிக்கொண்டிருந்தாள்.

கார் வந்தது. இறங்கியவர் தொட்டியில் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"போர்த் தண்ணியா?"

"ஆமாங்க. இளநி மாதிரி இருக்குமே!"

"மோட்டாரைப் போடுங்களேன்."

"கரண்டு சாயங்காலந்தாங்க வரும்."

வந்தவர் கையை உதறினார். "இறால் பண்ணைக்குப் பார்க்கிறேங்க. உப்புத் தண்ணிதான் வேணும்."

"ஐயா, இது உப்புதாங்க! சத்தியமா உப்புதாங்க!"

"விக்கிறதுக்காக என்ன பொய் வேணாலும் சொல்லுவீங்களா?"

கார் போய்விட்டது.

கடைசிக் குடத்தோடு மூச்சிரைக்க வந்த தையல்நாயகி கேட்டாள்: "தண்ணி அவருக்குப் பிடிச்சுதாமா?"