எட்டாம் கட்டில் வயிற்றுவலி

"கந்தப்போடி ஐயா! இது ஆசுபத்திரி. நடுச்சாமத்தில கூவுறதுக்கு உங்கட வயல் வட்டையில்ல!"

மார்கிறட் நர்ஸ் அடித்தொண்டையில் சீறினாள். வாய்விட்டுக் கத்தவும் வழியில்லை. வார்டே எழும்பிவிடும்.

எட்டாம் கட்டிலில் கந்தப்போடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தார். "பழக்கதோசம் மிசி. காவல் பரணில இரிந்து யானைக்குக் கூவின வாய், நிக்குதில்ல."

"நாலாம் கட்டில்ல கிடக்கிற சாமித்தம்பி உங்கட ஊர்தானே? பெரிய ஆபரேசன் செய்த மனிசன். நித்திரை கொள்ளாட்டிக் காய்ச்சல் கூடும், ஆள் தப்புறது கஷ்டம் எண்டு டொக்டர் சொல்லியிரிக்கார். தெரியுமா?"

"தெரியும் மிசி." கந்தப்போடி தலையைக் குனிந்துகொண்டார்.

சாமித்தம்பி முதல் இரண்டு இரவும் கண்ணே மூடவில்லை. மார்கிறட் விடுவாளா? மருந்து வண்டிச் சில்லுக்கு எண்ணெய் விட்டாள். ஆடுகிற ஜன்னலைத் துணியால் கட்டினாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். மூன்றாம் இரவு மனுசன் குழந்தைபோல் தூங்கினார். அன்றிலிருந்து அவளுக்குத் தன் கெட்டித்தனத்தில் கொஞ்சம் பெருமைதான்.

அதே நாள் பார்த்து வந்து படுத்தவர் இந்தக் கந்தப்போடி. வயிற்றுவலியாம்! டொக்டர் அமுக்கிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. சோறு வந்தால் கோப்பையை வழித்துச் சாப்பிடுவார். இரவானால் நாலைந்து கூவல். அத்தனைக்கும் சாமித்தம்பி எழும்பாமல் கிடந்தது அந்தோனியார் புண்ணியம் என்றே அவள் நினைத்தாள்.

விடிந்ததும் டொக்டரிடம் சொல்லிக் கந்தப்போடி வீட்டுக்குப் போகத் துண்டு வெட்ட வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இரிக்கட்டோ மிசி? வலி குறையல்ல..."

"வீட்ட போனாக் குறையும். போயிட்டு வாங்க."

அன்றிரவு வார்டில் ஒரு சத்தமில்லை. மார்கிறட் நிம்மதியாக ஒரு சுற்று வந்தாள். நாலாம் கட்டிலில் சாமித்தம்பி கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தொட்டால் நெற்றி கொதித்தது.

"என்ன ஐயா, நித்திரை வருதில்லையோ? சத்தம் ஒண்டுமில்லையே!"

"அதுதான் மிசி பயமாக் கிடக்கு. நானும் கந்தப்போடியும் பக்கத்துப் பக்கத்துப் பரண். ஆள் மாறி ஆள் காவல். அவன் கூவினா ஆள் முழிப்பு, யானை கிட்ட வராது, நான் படுக்கலாம். கூவல் நிண்டா எழும்பி ஓடணும். எத்தினையோ வருசப் பழக்கம். இஞ்ச யானை வராது எண்டு எனக்கும் தெரியும், இந்தக் கண்ணுக்கு அது தெரியுதில்லையே."

மார்கிறட்டுக்குத் தன் பெருமையை நினைக்க வெட்கமாக இருந்தது. கந்தப்போடியைக் கூட்டிவர ஆள் அனுப்ப, வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள்.

கேற்றுக்கு வெளியே, மரத்தடியில், துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கந்தப்போடி குந்தியிருந்தார். ஊருக்குப் போகவே இல்லை.

"உள்ள வாங்க ஐயா." அவள் கேற்றைத் திறந்து பிடித்தாள். "வயித்துவலி இன்னும் இரிக்கோ?"

"எனக்கென்ன வலி மிசி?" கந்தப்போடி பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "அவன் நித்திரையில்லாமக் கிடக்கான் எண்டு அவன்ட பொஞ்சாதிக்காரி வந்து அழுதா. கூவிக் குடுக்க வந்தன் எண்டு சொன்னா, கட்டில் தருவீங்களா?"