எல்லாரும் மியூட்

தலைமையாசிரியர் இன்று டீச்சரின் ஆன்லைன் வகுப்பைப் பார்க்கப் போகிறார். அவர் தலையாட்டினால்தான் வேலை நிரந்தரமாகும்.

மகளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். தன் முகத்தைப் பார்த்தால் பயம் கூடும் என்று அந்தக் கட்டத்தை மட்டும் தன் திரையில் மறைத்தாள்; மற்றவர்களுக்கு அவள் தெரிவாள். பிள்ளைகள் கூச்சல் போடாதிருக்க எல்லாருடைய மைக்கையும் பூட்டினாள்.

பின்னக் கணக்கு பாதியில் இருக்கும்போது பிள்ளைகள் கையை ஆட்டத் தொடங்கினார்கள். ஒருத்தி எழுந்து குதித்தாள்.

"வாலை அவுத்து விட்டாச்சா? சார் பாத்துட்டிருக்கார், மானத்தை வாங்காதீங்க!"

பார்த்தால், சாரும் எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்கிறார்! வேலை போயிற்று.

அந்த நேரம் பார்த்துத் திரைப்பலகையில் யாரோ கிறுக்கினார்கள்.

"யாரது? போர்டுல கை வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை..."

கோணல் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: 'பின்னாடி பாருங்க மிஸ். பாப்பா ஜன்னல்ல.'

திரும்பினாள். கம்பியில்லாத மூன்றாம் மாடி ஜன்னலில், மகளின் ஒரு கால் வெளியே தொங்கியது.

ஒரே தாவலில் இழுத்து அணைத்தாள். சாரையும் சேர்த்துப் பூட்டியிருந்தது அப்புறம்தான் உறைத்தது. மைக்குகளைத் திறந்தாள்.

முதலில் கேட்டது சாரின் அழுகை.