எருமை பூசிக்கொண்ட வெள்ளை

கன்று ஈன்று பத்து நாளான எருமையின் முதுகில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தது.

"என்னக்கா, இப்படிக் கறுத்துக் கிடக்கிறே? ஊரே சிரிக்குது. ஆத்தங்கரை வெள்ளை மண்ணை எடுத்துப் பூசு, என்னை மாதிரி மினுங்குவே."

மனம் நொந்த எருமை, மடிவரை பூசிக்கொண்டு வந்தது. பசியோடு ஓடிவந்த கன்று முகர்ந்து பார்த்து மிரண்டது. "அம்மா எங்கே?" என்று கதறியது.

எருமை திரும்பி ஓடியது. குளத்தில் இறங்கிப் புரண்டு எழுந்தது. கன்று பாய்ந்துவந்து மடியை முட்டியது.

"ஐயோ, அழகெல்லாம் போச்சே!" என்று கொக்கு மறுபடி முதுகில் ஏறியது.

"உண்ணி பொறுக்கத்தான் உனக்கு முதுகைக் குடுத்தேன். என் தோலுக்குத் தீர்ப்புச் சொல்ல நீ யாரு? இறங்குடி கீழே!" என்றது எருமை.