தெருவை மறித்த பாவு

"முதலியாரே, இன்னைக்கும் பாவை எடுக்கலியா? பஸ் வந்து நிக்குது பாருங்க!"

முனிசிபல் ஓவர்சியர் பூவராகவன் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கத்தினார். நெசவாளி திருஞானசம்பந்தம் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நடுத்தெருவில் மரக்கட்டைகளை ஊன்றி, நீளமாக இழுத்துக் கட்டியிருந்த அரக்கு நிற நூலில் சாவகாசமாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நேற்றும் இதே நூல்தான். அதற்கு அப்பால் ஐயம்பேட்டை டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

பூவராகவன் திண்டிவனத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்தவர். இந்தத் தெருவுக்கு முனிசிபாலிட்டி பணத்தில் தார் போட்டு, நடக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் மேடை கட்டி, டிப்போவுக்குச் செருப்புத் தேய அலைந்து பஸ்ஸையும் கொண்டுவந்தது அவர்தான். தறியில் ஏற்றுமுன் நூலைத் தெருவில் இழுத்துக் கட்டிப் பாவு போடுவது இங்கே வழக்கம். பஸ் வருவதற்குள் அதைச் சுருட்டிவிட வேண்டும் என்று பேச்சு. எல்லோரும் பேச்சைக் காப்பாற்றினார்கள். சம்பந்தமும் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். ஒரு மாதமாகத்தான் இந்த அழிச்சாட்டியம்.

"டிப்போவுல என்ன சொல்லிட்டாங்க தெரியுமா? இன்னைக்கும் லேட்டானா, நாளையிலேருந்து வண்டி பெரிய ரோடு வழியாத்தான் போகுமாம். ஆஸ்பத்திரிக்குப் போற பொம்பளைங்க மறுபடியும் வெயில்ல நடக்கணும். திருப்தியா?"

சம்பந்தம் இன்னொரு சிக்கை எடுத்தார்.

பூவராகவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயடியில் ஒரு குடத்துக்கு ஊரைக் கூட்டுகிற தெரு, இந்த மனிதரை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் ஒரே கூட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸிடம் போனார்.

"ஏம்ப்பா, இந்த ரூட்டுக்கு நீ புதுசா? ஒரு ஹாரன் அடிக்கக் கூடாதா? புகார் எழுதிக் குடு, போலீசை வச்சு எடுத்துடறேன்."

டிரைவர் வேலாயுதம் அவரைப் பார்க்கவில்லை. "அவசரப்படுத்தினா நூலு அறுந்துடும் சார். நான் நின்னுக்கிறேன்."

"உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா இவருக்கு இவ்வளவு தைரியம்!"

அதற்குள் சம்பந்தத்தின் மனைவி காமாட்சியம்மாள் பித்தளை டம்ளரோடு வந்து, ஜன்னல் வழியே டிரைவரிடம் காபியை நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

"நல்லா இருக்கே! வழியையும் மறிச்சிட்டு, காபி குடுத்து ஆளையும் சரிக்கட்டுறீங்களா?" பூவராகவன் சைக்கிளைத் திருப்பினார். "போதும். நானே டிப்போவுல சொல்லிடறேன். நாளையிலேருந்து இந்த வண்டிக்கும் இந்த டிரைவருக்கும் இங்க வேலை இல்லை."

சம்பந்தத்தின் கை நின்றது.

"நெசமாவே வராதா சார்?"

"வராது."

சம்பந்தம் கட்டைகளைப் பிடுங்கி, நூலை அள்ளிக் குப்பையாக ஓரத்தில் போட்டார். பஸ் மெல்ல நகர்ந்தது. அது கோடியில் திரும்பும்வரை காமாட்சியம்மாள் காலி டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூவராகவனிடம் வந்தார்.

"இனிமே கட்ட மாட்டேன் சார். பஸ்ஸ மட்டும் நிறுத்திடாதீங்க. எங்க ஊட்டு வாசல்ல ஒரு ஸ்டாப்பிங் போட்டுக் குடுத்துடுங்க."

"ஸ்டாப்பிங்கா? இத்தனை நாள் பஸ்ஸைப் போகவிடாம மறிச்சீங்க. சரி, அப்ப உங்க பாவு என்னாகுறது?"

"ஒரு பாவு போட்டா மாசக்கணக்குல நெய்யலாம் சார். தெனம் யாரு பாவு போடுவாங்க? இது கழிச்சுப் போட்ட நூலு."

பூவராகவனுக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தம் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"என்னைக் கேக்காம கண்ணாலம் கட்டிக்கினான்னு, 'இனிமே என் வாசப்படி ஏறாதடா'ன்னு எம்புள்ளையைத் தொரத்தினவன் நான். சொன்ன வாயால திரும்பக் கூப்பிட முடியல சார். அவனை வாசல்ல நிக்க வச்சு, அவன் அம்மா கையால ஒரு வாய் காபி குடுக்க, எனக்கு வேற வழி தெரியல."