கேட்டில் இருக்கும் குரல்

ஊரப்பாக்கத்தில் அந்தத் தெருவில் எல்லா வீட்டு கேட்டும் வீட்டுக்காரரின் குரலிலேயே பேசும். கூரியரை வாங்கி வைப்பதும், அக்கம்பக்கத்தாரிடம் நலம் விசாரிப்பதும் அதன் வேலை. செண்பகவல்லி வாசலுக்கு வந்தே மாதக்கணக்காகிறது. அன்று காலை கறிவேப்பிலை பறிக்க வந்தவள், கேட்டருகே எதிர்வீட்டு ரெஜினா நிற்பதைப் பார்த்தாள்.

"வாங்க ரெஜினா. பார்த்து எவ்ளோ நாளாச்சு! வீட்டுக்காரர் சௌக்கியமா?"

ரெஜினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர் போய் மூணு மாசம் ஆகுதுங்க. உங்க கேட்டு அன்னைக்கே என்கூட அழுதுச்சே. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லித்தான் இருக்கும். தினமும் அது அனுப்பும் பட்டியலைச் செண்பகவல்லி திறந்து பார்ப்பதில்லை.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் ரெஜினா, கோபமே இல்லாமல். "நீங்க உள்ள போங்க. இங்க வந்து கொஞ்ச நேரம் பேசிட்டுப் போனாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

செண்பகவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே அவளுடைய குரல் கேட்டது.

"வாடி ரெஜினா. நேத்தாவது தூங்கினியா?"