பாதியில் நின்ற நாவல்

"நேத்து மத்தியானம் எங்கடா போயிருந்தே? அதை மட்டும் சொல்லு."

வாசகசாலை செகரட்டரி பச்சியப்பன் நாலாவது தடவையாகக் கேட்டார். மாதப்பன் வாயைத் திறக்கவில்லை.

மாதப்பன் அவர் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவன். நேற்று சாயங்காலம் அவர் மனைவி ரங்கம்மாளின் தங்கக் கொண்டை ஊசி காணாமல் போய்விட்டது. விசாரணை அவர் நடத்தும் வாசகசாலையிலேயே நடந்தது. வேறு எங்கே நடக்கும்? பாப்பாரப்பட்டியில் உள்ள துப்பறியும் நிபுணர்கள் அத்தனை பேரும் பொழுது விடிந்தால் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள்!

அவர்களை நிபுணர்கள் ஆக்கியவர் லைப்ரரியன் சவுரியப்பன். வாசலில் ஒரு பலகை மாட்டி, வாராவாரம் ஒரு துப்பறியும் நாவலின் பெயரை எழுதி, கீழே 'லைப்ரரியன் சிபாரிசு' என்று போடுவார். அதற்கு அடிதடி நடக்கும். யுத்தச் செய்தி வரும் பேப்பரைக்கூட அப்புறம்தான் தொடுவார்கள்.

"பன்னெண்டு வருசத்துல ஒரு குண்டுமணி எடுத்ததில்லீங்க சாமி," என்றான் மாதப்பன்.

"அதாம்ப்பா விசயமே," என்றார் பத்திரம் எழுதும் சென்னப்பன். "எவன் மேல சந்தேகமே வராதோ அவன்தான் ஆளு. எத்தனை நாவல்ல பார்த்தாச்சு. என்ன சவுரியப்பா, நீதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தே?"

"அது கதைங்க," என்றார் சவுரியப்பன். சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

பச்சியப்பன் கையால் பளாரென்று ஓர் அறை விழுந்தது. மாதப்பன் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஒரே ஒரு தடவை சவுரியப்பனைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

நேற்று மத்தியானம் அவன் எங்கே போயிருந்தான் என்று சவுரியப்பனுக்குத் தெரியும். இங்கேதான் வந்திருந்தான்.

பெண்கள் துப்பறியும் நாவல் படித்தால் குடும்பம் உருப்படாது என்பது பச்சியப்பனின் கட்சி. ரங்கம்மாளுக்கோ அது இல்லாமல் பொழுது போகாது. சவுரியப்பன் அவளுக்கென்று பொறுக்கி எடுத்த நாவல் காய்கறிப் பைக்கு அடியில் போகும். அதே பையில் திரும்பி வரும். சுமப்பவன் மாதப்பன். எஜமானியைக் காட்டிக்கொடுக்க மனசு வராமல்தான் அவன் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

சவுரியப்பன் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு லைப்ரரியன் நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருப்பான். பொய்ச்சாட்சி சொல்லாதே என்று தன் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறவர்தான். வாயையே திறக்காவிட்டால் அது பொய்ச்சாட்சியில் சேராது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

இருட்டுவதற்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். மாதப்பன் முன்னால் போக, அவன் பெண்டாட்டி செல்லி சட்டி பானையைத் தலையில் சுமந்துகொண்டு பென்னாகரம் ரோட்டில் பின்னால் நடந்தாள். வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் கையில் நாவல் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் சவுரியப்பனுக்கு அந்தப் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. திரும்பி வந்த எந்தப் புத்தகத்தையும் கிழிசல் இருக்கிறதா என்று தாள் தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். நேற்று மாதப்பன் கொண்டுவந்தபோது யாரோ உள்ளே வரவே, அப்படியே மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

இப்போது எடுத்துப் புரட்டினார். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில், சிவப்புக் கல் வைத்த தங்கக் கொண்டை ஊசி.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊசி கிடைத்தாகிவிட்டது. வீட்டிலேயே ஒரு மூலையில் கிடந்தது என்று ரங்கம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யார் பெயரும் அடிபடாது. வண்டி பிடித்துப் போனால் மாதப்பனைப் பென்னாகரத்திலேயே மடக்கிவிடலாம்.

மறுநாள் காலை பச்சியப்பன் தர்மபுரிக் கோர்ட்டுக்குக் கிளம்பியதும், அவர் வீட்டுக்கு ஓடினார்.

"அம்மா, ஊசி கெடச்சிருச்சுங்க. புஸ்தகத்துக்குள்ள இருந்துச்சு."

ரங்கம்மாள் ஆச்சரியப்படவில்லை. வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"படிச்சிக்கிட்டிருந்தேன். அவரு வர்ற சத்தம் கேட்டுது. அடையாளத்துக்குக் கையில கெடச்சதை வெச்சு மூடி, மாதப்பன்கிட்டக் குடுத்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே ஞாபகம் வந்திருச்சு."

"சாயங்காலமேவா? அப்ப மாதப்பனை அடிச்சுத் தொரத்தும்போது..."

"நான் என்னாங்க பண்றது? வூட்டை அலசித் தேடியாச்சு. இப்பப் போயி இங்கதான் கெடந்துச்சுன்னா அவரு நம்புவாரா? தோண்டித் துருவிக் கேட்டா நாவல் விசயம் வெளியில வந்திரும். அப்புறம் நான் எதைப் படிக்கறது? அவன் ஆம்பளை. கை காலு இருக்குது, எங்க போனாலும் பொழச்சுக்குவான்."

சவுரியப்பன் பென்னாகரம் ரோடு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் அங்கதான இருந்தீங்க. நீங்க சொல்லியிருக்கலாமே," என்றாள்.

அவர் படியிறங்கினார்.

"கொஞ்சம் நில்லுங்க." ரங்கம்மாள் வாசல்வரை வந்துவிட்டாள். குரல் தழுதழுத்தது. "நாளைக்குப் புது ஆளு வர்றான். அவன்கிட்ட அந்த நாவலைத் திரும்பக் குடுத்தனுப்புங்க. அதுல சமையக்காரனைத் திருடன்னு புடிச்சிக்கிட்டுப் போறாங்களே, அந்த எடத்துல நிறுத்துனது. பாவங்க, அவன் ஒரு தப்பும் பண்ணல. கடைசியில அவனை விட்டுர்றாங்களா, இல்லியா? அதை நெனச்சு நெனச்சு ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல."